நாகசாக்கியிலிருந்து டோக்கியோ: ஆங்கிலம் போன வழியில்

நவம்பர் 19, 2024, செவ்வாய். நாகசாக்கி

தெஜிமாவைத் தீவு என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோக நேரும். டிராமை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் சின்ன ஆறு, மீதிப் பக்கமெல்லாம் சாலையும் கட்டடங்களும். சுற்றியிருந்த கடலைத் தூர்த்து ஊர் அதன்மேல் ஏறிவிட்டது. விசிறி வடிவத்தில் ஆள் வைத்துக் கட்டிய இந்தத் துண்டு நிலத்தில்தான் 1641 முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக டச்சு வணிகர்களை வைத்திருந்தார்கள். மேற்கத்தியர்களில் அவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அவர்களும் நினைத்தபோது பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வர முடியாது. அவர்களோடு பேசுவதற்கென்றே டச்சு கற்ற மொழிபெயர்ப்பாளர் குடும்பங்கள் நாகசாக்கியில் இருந்தன. அப்பா, மகன், பேரன் என்று பரம்பரைத் தொழில்.

இந்தப் பயணம் முழுக்க ஒரே கேள்வியோடு சுற்றப் போகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஜப்பானியர்களோடு நிறையப் பழகினேன். எல்லோரும் பள்ளி, கல்லூரி என்று வருடக்கணக்கில் ஆங்கிலம் படித்தவர்கள். மெயில் எழுதினால் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டிங்கில் உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் ஊரில் வீட்டுக்கும் கடைக்கும் கோர்ட்டுக்கும் ஆங்கிலம் வேண்டாம். டாக்டருக்குப் படிக்கவும் வேண்டாம். அப்புறம் எதற்காக இத்தனை பேர் இத்தனை வருடம் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்?

முதல் பதில் தெஜிமாவிலேயே கிடைத்தது. 1808 அக்டோபரில் டச்சுக் கொடி பறக்கவிட்டபடி ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. நம் ஆட்கள் என்று நம்பி வரவேற்கப் போன டச்சுக்காரர்கள் இருவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வந்தது ஃபெய்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். அதன் கேப்டன் ஃப்ளீட்வுட் பெல்யூவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தண்ணீரும் சாப்பாடும் கொடு, இல்லாவிட்டால் துறைமுகத்தில் இருக்கும் கப்பல்களைக் கொளுத்துவேன் என்றான். காவலுக்கு நிற்க வேண்டிய படையில் பெரும்பகுதி ஊரிலேயே இல்லை. கேட்டதைக் கொடுத்து அனுப்பினார்கள். கப்பல் போனதும் நாகசாக்கி ஆளுநர் மட்சுதைரா யசுஹிதே வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார்.

அடுத்த ஆண்டே உத்தரவு வந்தது: டச்சு மொழிபெயர்ப்பாளர்கள் இனி ஆங்கிலமும் கற்க வேண்டும். பயத்தில் தொடங்கிய பாடம் இது. வாத்தியார் யான் காக் ப்ளோம்ஹோஃப் என்ற டச்சுக்காரர், அதனால் உச்சரிப்பிலும் டச்சு வாடை. 1814இல் சுமார் 6000 சொற்களோடு ஜப்பானின் முதல் ஆங்கில அகராதியை முடித்தே விட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவர்கூட ஊரில் இல்லாமல் ஆங்கில அகராதி!

எனக்கு இதையெல்லாம் விளக்கியவர் எழுபதைத் தாண்டிய ஒரு தன்னார்வ வழிகாட்டி. கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிறுத்தி நிதானமாக, அழகாக ஆங்கிலம் பேசினார். எங்கே கற்றீர்கள் என்றேன். பையிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே வானொலியின் ஆங்கிலப் பாடத்துக்கு மாதாமாதம் வரும் பாடநூல். இந்த வானொலிப் பாடம் 1925இல் தொடங்கியது. இடையில் போர்க்காலத்தில் நின்றுபோனதைத் தவிர இன்றுவரை ஓடுகிறது. தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு ரேடியோவைப் போடுவாராம். வேலையில் இருந்தபோது தேவைப்பட்டதா என்று கேட்டதற்குச் சிரித்தார். “ஒரு நாளும் இல்லை. தேவை என்று வந்திருந்தால் வெறுத்துப் போயிருப்பேன்.”

நவம்பர் 20, புதன். நாகசாக்கி, தஸாய்ஃபு

காலையில் சுவா கோயில் பக்கம் போனேன். அருகே ஒரு தெருவில் ரனால்ட் மெக்டொனால்டுக்கு நினைவுக்கல் இருக்கிறது. (ஹாம்பர்கர்க்காரர் இல்லை. பெயரைப் படித்துவிட்டு நானும் ஒரு நிமிடம் சிரித்தேன்.) அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அம்மா அமெரிக்காவின் சினூக் பழங்குடித் தலைவரின் மகள். ஜப்பானைப் பார்த்தே தீர வேண்டும் என்ற வெறி அவருக்கு. வெளியாள் நுழைந்தால் தலை போகலாம் என்று தெரிந்தும் 1848இல் திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து சின்னப் படகில் இறங்கி, கப்பல் உடைந்து தப்பி வந்தவன்போல வடக்கே ஒரு தீவில் கரையேறினார். பிடித்து நாகசாக்கிக்குக் கொண்டுவந்து, ஒரு கோயில் வளாகத்தில் கம்பிக்குப் பின்னால் அடைத்தார்கள். அங்கேயே வகுப்பும் தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர்கள் 14 பேர் வந்து கம்பிக்கு வெளியே உட்கார, இவர் உள்ளேயிருந்து பாடம் சொன்னார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் வாத்தியார் கைதியாகத்தான் வாய்த்தார். 1849 வசந்தத்தில் ஒரு அமெரிக்கக் கப்பல் வந்து மீட்டுக்கொண்டு போய்விட்டது. மாணவர்களில் கெட்டிக்காரர் மொரியாமா எய்னொசுகே. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

மதியம் ரயிலேறி, இடையில் மாறி, தஸாய்ஃபு. இங்கே கோயில் கொண்டிருப்பது சுகவாரா நோ மிச்சிஸானே, கல்விக் கடவுள். ஒன்பதாம் நூற்றாண்டுப் பேரறிஞர், சீனமொழிக் கவிதையில் புலி. அரண்மனைச் சூழ்ச்சியில் 901இல் இங்கே நாடு கடத்தப்பட்டு, 903இல் இறந்தார். அதன்பிறகு தலைநகரில் இடி விழுந்து ஆட்கள் சாக, அவருடைய ஆவிதான் என்று பயந்து கடவுளாக்கினார்கள். மூலக்கோயிலில் திருப்பணி நடப்பதால் தற்காலிகமாக ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அதன் கூரைமேல் நிஜ மரங்கள் வளர்கின்றன. வாசலில் படுத்திருக்கும் வெண்கலக் காளையின் தலையைத் தடவினால் புத்தி வளருமாம். தலை மட்டும் பளபளவென்று மின்னுகிறது.

நான் நின்றது மரப்பலகைகள் தொங்கும் இடத்தில்தான். வேண்டுதலை எழுதி மாட்டிவிட்டுப் போகிறார்கள். கைபேசியைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்தேன். பாதிக்குமேல் தேர்வு. அதில் ஆங்கிலம் அடிக்கடி வருகிறது: ‘எய்கென் இரண்டாம் நிலை தேற வேண்டும்’, ‘பொதுத்தேர்வில் ஆங்கிலம் கைகொடுக்க வேண்டும்’. எய்கென் என்பது 1963இலிருந்து நடக்கும் ஆங்கிலத் தகுதித் தேர்வு. நிலை நிலையாக ஏறிப் போகலாம். பொதுத்தேர்வு ஜனவரி நடுவில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. ஆங்கிலத்தில் வாசிப்புக்கு 100, காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கு 100. எல்லாம் வட்டத்தைக் கறுப்பாக்கும் வேலை. பேச்சுக்கு ஒரு மார்க்கும் கிடையாது. தனியார் தேர்வுகளைச் சேர்த்துப் பேச்சையும் சோதிக்கலாம் என்று அரசு ஒரு திட்டம் போட்டது. பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கும்தானே அது சாதகம் என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பி, 2019 நவம்பரில் தள்ளிவைத்து, 2021இல் கைவிட்டார்கள். எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனால் மார்க் இல்லாததை எந்தப் பிள்ளை படிக்கும்? எங்கள் கம்பெனி மீட்டிங் அறையின் மௌனத்துக்குப் பாதி விளக்கம் இந்தப் பலகைகளில் தொங்குகிறது.

வரும் வழியில் உமெகாஎ மொச்சி வாங்கினேன். சுடச்சுட அரிசி மாவு, உள்ளே இனிப்புப் பயறு. கிட்டத்தட்ட நம் பூரணக் கொழுக்கட்டையை அடையாக்கிச் சுட்டதுபோல. இரண்டாவதும் வாங்கினேன்.

நவம்பர் 21, வியாழன். ஒசாகா

ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு பழைய மரவீடு ஒதுங்கி நிற்கிறது. தெகிஜுகு. ஒகாதா கோஆன் என்ற மருத்துவர் 1838இல் தொடங்கிய டச்சுப் பள்ளி. மேல்மாடிக்கு ஏற ஏணி போன்ற செங்குத்துப் படி. மேலே மாணவர்கள் படுத்துப் புரண்ட பெரிய அறை. ஆளுக்கு ஒரு பாய் அளவு இடம், படிப்பும் தூக்கமும் அதிலேயே. நடுத்தூணில் வாள்வெட்டுத் தழும்புகள். சாமுராய்ப் பையன்கள் கோபத்தையெல்லாம் அந்தத் தூணிடம் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்தாற்போல் ஒரு சின்ன அறை. டச்சு–ஜப்பானிய அகராதி இருந்த அறை. மொத்தப் பள்ளிக்கும் அது ஒன்றுதான். வெளியே கொண்டுபோகக் கூடாது. மாதத்தில் பல நாள் குழுவாசிப்புத் தேர்வு இருக்கும். அதற்கு முன்னிரவு அறையில் நிற்க இடமில்லாமல் விடிய விடிய விளக்கு எரியுமாம்.

இங்கே 1855இல் வந்து சேர்ந்தவர் ஃபுகுஸாவா யுகிச்சி. நேற்றுவரை பத்தாயிரம் யென் நோட்டில் இருந்த முகம். சுயசரிதையில் அவர் எழுதியிருக்கும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், டச்சு தெரிந்தால் பிரபுக்களிடம் வேலை கிடைக்கும். ஒசாகாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வணிகர்களின் ஊரில் யாருக்கு வேண்டும் டச்சு? படித்து என்ன ஆகப் போகிறோம் என்று யோசிக்கக் காரணமே இல்லாததால்தான் நாங்கள் அப்படி மூழ்கிப் படித்தோம் என்கிறார். தஸாய்ஃபு பலகைகளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் இதைப் படிக்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி. யோகோஹாமா

1853 ஜூலையில் அமெரிக்கக் கடற்படையின் கமடோர் பெர்ரியின் நான்கு கறுப்புக் கப்பல்கள் உராகாவில் வந்து நின்ற கதை பாடப்புத்தகங்களில் உண்டு. அப்போது நடந்த பேச்சு எந்த மொழியில் என்பதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்கர் டச்சில் சொல்ல, ஜப்பானியர் டச்சில் பதில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டபோது முன்னே நின்ற மொழிபெயர்ப்பாளர் யார் தெரியுமா? கம்பிக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்ட மொரியாமா.

ஒப்பந்தம் கையெழுத்தான இடத்தருகே இன்று வரலாற்று ஆவணக்காப்பகம் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் துணைத் தூதரகக் கட்டடம். முற்றத்தில் ஒரு பெரிய தமகுசு மரம். பெர்ரி காலத்து ஓவியத்தில் வரும் மரம் 1923 நிலநடுக்கத்தில் எரிந்து, வேரிலிருந்து மறுபடி தழைத்தது என்கிறார்கள். நிழலில் பள்ளிப் பிள்ளைகள் பெந்தோ (கட்டுச்சாப்பாடு) பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

1859இல் துறைமுகம் திறந்ததும் ஃபுகுஸாவா எடோவிலிருந்து நடந்தே இங்கு வந்தார். அதற்குள் அவர் டச்சு வாத்தியார் ஆகியிருந்தார். வந்து பார்த்தால் கடைப் பலகை ஒன்றும் படிக்க முடியவில்லை. பாட்டில் ஒட்டு புரியவில்லை. பேசினால் எதிரே இருப்பவனுக்கு விளங்கவில்லை. எழுதிக் காட்டி, டச்சு படிக்கத் தெரிந்த ஒரு ஜெர்மன் கடைக்காரரிடம் மட்டும் கொஞ்சம் பேச முடிந்தது. விடிய விடிய அகராதிக்கு அடித்துக்கொண்டு கற்ற டச்சு எல்லாம் வீண். நடந்தே திரும்பினார். கால் வலியைவிட மனவலிதான் பெரிது என்று எழுதுகிறார். ஆனால் மறுநாளே, இனி ஆங்கிலம்தான் என்று முடிவெடுத்துவிட்டார். சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? எடோவில் மொரியாமா. அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். வெளிநாட்டுத் தூதர்கள் விஷயமாக அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. கடைசியில் டச்சு–ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு தானே கற்றார். டச்சும் முழுக்க வீணாகவில்லை. ஒரு மொழியை ஏணியாக்கி அடுத்ததில் ஏறியிருக்கிறார்.

இதே துறைமுகத்திலிருந்து 1871 டிசம்பரில் மேற்கு நாடுகளுக்குப் போன இவாகுரா தூதுக்குழுவோடு ஐந்து பெண் குழந்தைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது அரசு. கடைக்குட்டி ட்சுடா உமேகோவுக்கு ஆறு வயது. 1882இல் திரும்பியபோது தாய்மொழி மறந்துபோயிருந்தது. சொந்த அம்மாவோடு பேச முடியாத நிலை. 1900இல் பெண்களுக்கு ஆங்கிலப் பள்ளி ஒன்றைப் பத்து மாணவிகளோடு தொடங்கினார். அதுதான் இன்று ட்சுடா பல்கலைக்கழகம். பெண்கள் சொந்தக் காலில் நிற்க ஆங்கில ஆசிரியை வேலை ஒரு வழியாக இருந்த காலம். இன்று மதியம் சில்லறையாக வந்த ஐயாயிரம் யென் நோட்டில் அவர் முகம்தான். இந்த ஜூலையில் வந்த புது நோட்டு.

1984இல் வெளியிட்ட நோட்டு வரிசையில் பத்தாயிரத்துக்கு ஃபுகுஸாவா, ஐயாயிரத்துக்கு ஆங்கிலத்திலேயே புத்தகம் எழுதிப் பேர் வாங்கிய நிதோபே இனாஸோ, ஆயிரத்துக்கு ஆங்கில வாத்தியாராக இருந்து நாவலாசிரியர் ஆன நட்சுமே சோசெகி. மூவருமே ஆங்கிலத்தோடு வாழ்ந்தவர்கள். அந்த நோட்டை எண்ணுகிற கைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மொழி வராது.

நவம்பர் 23, சனி. டோக்கியோ

ஜின்போச்சோ பழைய புத்தகக் கடைத்தெருவில் பகல் முழுக்கப் போனது. வெளியே தள்ளுவண்டிகளில் நூறு யென் புத்தகங்கள். உள்ளே கூரைவரை அடுக்கு. உலகத்தின் எந்தத் துறையை எடுத்தாலும் ஜப்பானிய மொழியில் புத்தகம் இருக்கிறது. உலோகவியல், கண் அறுவைச் சிகிச்சை, லத்தீன் இலக்கணம், எல்லாம். தமிழில் வாசிக்கிறவனுக்கு இந்த இடத்தில் பொறாமை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1868இல் தொடங்கிய மெய்ஜி பேரரசர் காலத்தின் ஆரம்பத்தில் நிலைமை இப்படி இல்லை. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தினார்கள். பின்னாளில் முதல் கல்வி அமைச்சரான மோரி அரினோரி, 1870களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தையே நாட்டின் மொழியாக்கலாமா என்றுகூட எழுதினார். நடக்கவில்லை. மாறாக எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார்கள், இல்லாத சொற்களை உண்டாக்கினார்கள், வெளிநாட்டு வாத்தியாரின் மாணவர்களே வாத்தியாராகித் தங்கள் மொழியில் பாடம் எடுத்தார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்ற புலம்பல் 1911இலேயே இருந்திருக்கிறது. அதற்கு சோசெகி எழுதிய பதில் அபாரம்: பாடமெல்லாம் ஜப்பானிய மொழிக்கு மாறிவிட்டதால் ஆங்கிலம் குறைவது இயல்பு, நாடு சுதந்திரமாக நிற்கிறது என்பதற்கே அது அடையாளம் என்றார். அரசு செலவில் லண்டன் போய்ப் படித்து, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தியவர் சொன்னது!

எனக்கு இதுதான் விஷயத்தின் மையம் என்று தோன்றுகிறது. ஜப்பானியருக்கு ஆங்கிலம் வரவில்லை என்று கேலி செய்கிறவர்கள், அது இல்லாமலே அவர்கள் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. நமக்கு ஆங்கிலம் இல்லாவிட்டால் பாதிக் கதவு மூடிவிடும், அதனால் அடித்துப் பிடித்துப் பேசுகிறோம்.

போர்க்காலத்தில் எதிரியின் மொழி என்று சொல்லி பேஸ்பால் மைதானத்தில் ‘ஸ்ட்ரைக்’ என்ற சொல்லைக்கூட எடுத்தார்கள். தோற்ற சில வாரங்களிலேயே, 1945 இலையுதிர்காலத்தில், 32 பக்க ஜப்பானிய–ஆங்கில உரையாடல் கையேடு ஒன்று வந்து சுமார் 36 லட்சம் பிரதிகள் விற்றது. 1946 பிப்ரவரியில் ஹிரகாவா தடைச்சியின் வானொலிப் பாடம். ஒரு பழைய குழந்தைப் பாட்டின் மெட்டில் ஆங்கில வரிகளைப் போட்டு ஊரையே பாடவைத்தார். பசியும் இடிபாடுமாகக் கிடந்த காலம் அது.

இன்று புது புத்தகக் கடைகளில் சுவர் சுவராக நிற்பது டோஇக் வழிகாட்டிகள். ஜப்பான் தரப்பு கேட்டு அமெரிக்காவில் தயாரித்து 1979இல் தொடங்கிய ஆங்கிலத் தேர்வு. 990 மார்க். வழக்கமாக எழுதும் தேர்வில் கேட்டலும் வாசித்தலும் மட்டும், பேச்சு இல்லை. பதவி உயர்வுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் பல கம்பெனிகள் இந்த மார்க்கைக் கேட்கின்றன. ராகுடென் என்ற இணைய வணிக நிறுவனம் 2010இல் அலுவலக மொழியே ஆங்கிலம் என்று அறிவித்து 2012இல் முழுமையாக்கியது. கேன்டீன் மெனுகூட ஆங்கிலமானது.

மாலையில் பழைய நண்பரைச் சந்தித்தேன். சில வருடம் ஒரகடத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய பொறியாளர். டோஇக்கில் 800க்குமேல் வாங்கித்தான் சென்னைக்கு வந்தார். வந்த முதல் வாரம் ஷாப் ஃப்ளோரில் ஒரு வாக்கியமும் புரியவில்லையாம். “தேர்வில் வரும் ஆங்கிலம் யாரும் பேசுவதில்லை. உங்கள் லைன் சூப்பர்வைசர்தான் எனக்கு வாத்தியார். அவரும் தப்பாகப் பேசினார், நானும் தப்பாகப் பேசினேன், மெஷின் ஓடியது.” இப்போது டோக்கியோ மீட்டிங்கில் ‘டூ ஒன் திங்’ என்று ஆரம்பித்தால் எல்லோரும் முழிக்கிறார்களாம். அவர் விடுவதாக இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு. டோக்கியோ

இன்று டோக்கியோ அரசுப் பள்ளிகளில் நடுநிலை மூன்றாமாண்டு (நம் ஒன்பதாம் வகுப்பு) படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. 2022இல் கொண்டுவந்தார்கள். உயர்நிலைப் பள்ளி நுழைவுக்கான 1020 மார்க்கில் இதற்கு 20. ஆள் கிடையாது, டேப்லெட்டைப் பார்த்துப் பேச வேண்டும். காதில் ஹெட்போன். அறை முழுக்க ஒரே நேரத்தில் பேசுவார்கள். நண்பரின் மகளும் போய்வந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டில் இருந்தேன். மேஜைமேல் நாபே என்ற சட்டிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

எப்படி இருந்தது என்றேன். படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்களாம். பக்கத்துப் பையன் சொன்ன கதை ஹெட்போனைத் தாண்டி லேசாகக் கேட்டதாம். “அவன் கதை என்னுடையதைவிட நன்றாக இருந்தது” என்று ஜப்பானிய மொழியில் சொல்ல, அப்பா மொழிபெயர்த்தார். எதற்கு ஆங்கிலம் படிக்கிறாய் என்ற என் கேள்விக்குத் தோளைக் குலுக்கினாள். தேர்வில் இருக்கிறதே.

அம்மா குறுக்கே புகுந்து, இவள் அறைக்குள் போய்ப் பாருங்கள் என்றார். சுவர் முழுக்கக் கொரியப் பாட்டுக்குழுப் படங்கள். மேஜையில் கொரிய எழுத்துப் பயிற்சி நோட்டுகள். பள்ளியில் பாடம் இல்லை, டியூஷன் இல்லை, மார்க் இல்லை. பாட்டும் நேரலை வீடியோவும் பார்த்துத் தானே கற்றிருக்கிறாள். பேசிக் காட்டு என்றதும் வெட்கமே படாமல் மளமளவென்று பேசினாள். எங்கள் மூவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை, அதில் அவளுக்குத் தனிச் சந்தோஷம்.

தெகிஜுகு மாடியறைப் பையன்களைப் பற்றிச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். அவர்களுக்குப் பிடித்த குழு எது என்றாள்.

நண்பர் மட்டும் இன்னும் அந்தத் தேர்விலேயே இருந்தார். பாத்திரத்திலிருந்து முட்டைக்கோஸை எடுத்துக்கொண்டே கேட்டார்: “சரி, அந்த இருபதில் எத்தனை வரும்?”